ஜோன்ஸ்டவுனும் நம் பிரசங்கங்களும்

1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டில், ஜிம் ஜோன்ஸ் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியேற்றத்தில் 909 பேர் மாண்டனர். ‘கூட்டுத் தற்கொலை’ என்றும் ‘கள்ளத் தீர்க்கதரிசியின் முடிவு’ என்றும் இதனைப் பிரசங்க உதாரணமாக்குவது எளிது. இவ்விரு பெயர்களையும் நாம் ஏற்பதற்கில்லை. மாண்டோரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர். கைக்குழந்தைகளின் வாயில் ஊசிக்குழலால் நஞ்சு செலுத்தப்பட்டது. துப்பாக்கி ஏந்திய காவலர் சூழ்ந்து நின்றனர். இது கொலையே.

ஜோன்ஸோ திருச்சபைக்குப் புறம்பானவரல்லர். 1964இல் கிறிஸ்துவின் சீஷர் சபையில் முறைப்படி குருவாக அபிஷேகம் பெற்றவர். பசித்தோருக்கு உணவும், முதியோருக்கு இல்லமும், கறுப்பருக்கு வெள்ளையரோடு சம ஆசனமும் அவரது ‘மக்கள் ஆலய’த்தில் கிடைத்தன; வேறு பல ஆலயங்களில் கிடைக்கவில்லை. அதனை நாடி வந்தோரை அறிவிலிகள் எனல் அநீதி. கோழிக் குடலைக் காட்டி, புற்றுநோய் வெளியேறிற்று என்ற மோசடியையும் அவர் தனியே நடத்தவில்லை. அறிந்தே துணைநின்றோர் இருந்தனர்.

இறுதிக் கூட்டத்தின் ஒலிநாடா எஞ்சியுள்ளது. குழந்தைகளேனும் வாழட்டும் என்று ஒரு பெண்மணி எழுந்து வாதாடுகிறார். ஜோன்ஸ் அவருக்கு விடைகூறிக்கொண்டிருக்கிறார். அப்பெண்மணியை அதட்டி அடக்குகிறவர்கள் சபையாரே.