நீரின் வழியே ஒரு நடை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றை ஒட்டி குரோம்ஃபர்டிலிருந்து பெல்பர் வரை ஒரு பகலில் நடந்துவிடலாம். பஞ்சாலைகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்; ஓர் ஆலை ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்பதற்கான விடை நிலத்தில்தான் இருக்கிறது. 1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் குரோம்ஃபர்டில் நூற்பாலை தொடங்கியபோது பெரிய ஆற்றை நம்பவில்லை. ஓர் ஓடையையும் ஈயச் சுரங்கத்தின் வடிகால் நீரையும் நம்பினார். நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் அந்த நீர் குளிர்காலத்தில் உறைவது அரிது. அருகிலுள்ள நார்த் தெரு வீடுகளில் மேல்மாடி ஜன்னல்கள் அகலமாக இருக்கும். அங்கே நெய்தவர்களுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. கால்வாய்க் கரையோடு போனால் லீவுட் நீரேற்று நிலையம் வரும். 1849-இல் கட்டப்பட்ட அதன் நீராவி எந்திரம் ஆற்று நீரைக் கால்வாய்க்கு ஏற்றியது.

சிறுவர்களின் உழைப்பிலும் அடிமைகள் விளைவித்த பஞ்சிலும் வளர்ந்த தொழிலை ரசிக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கொடுமையை மறைப்பது ரசனை அல்ல, மறதி. சாலையைப் பார்த்த கீழ்த்தளச் சுவர்களில் ஜன்னலே வைக்காமல் கோட்டைபோல் கட்டிய ஆலையை நேரில் கண்டவர், அதை வெறும் அழகென்று சொல்லமாட்டார். தொழில்நுட்பத் திறமையும் அதற்குக் கொடுத்த விலையும் அங்கே ஒரே சுவரில் தெரிகின்றன. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது ஒற்றை ஆலையை அல்ல, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை. அதைக் காரில் கடக்காதீர்கள், நடந்து பாருங்கள்.