தூண்டிற்காரரின் சங்கற்பம்

மினசோட்டா முதலிய அமெரிக்க வடமாநிலங்களின் ஏரிகள் உறைந்துகிடக்கும் குளிர்காலத்தில், பாஸ் என்னும் நன்னீர் மீனையே உபாசிக்கும் தூண்டிற்காரர்கள் வீட்டினுள் அமர்ந்து, தூண்டிற் சுருளுக்கு எண்ணெயிட்டவாறே, வரும் ஆண்டின் சங்கற்பங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் எனக்கு மிகவும் உகந்தது. 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்ததும், 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா சமன்செய்ததுமான 22 பவுண்டு 4 அவுன்ஸ் என்னும், பெருவாய் பாஸ் மீனின் எடைக்கான உலக உச்சத்தை விஞ்சுவேன் என்று எழுதுவோர் (நல்லவேளையாக!) அபூர்வம்; தம் சொந்த உச்ச எடையை ஓர் அவுன்ஸாவது கடப்பது, அல்லது ஏரியின் அடித்தளத்தைத் தொட்டுத் தொட்டு இழுக்கப்படும், இதுகாறும் கைவராத ஜிக் தூண்டிலையே பருவம் முழுதும் வீசிப் பழகுவது என்ற அளவில் பெரும்பாலோர் அமைந்துவிடுகின்றனர். பின்னதே சிரேஷ்டம் என்பேன். எடை மீனின் தயவு, ஆனால் அடித்தளத்துக் கல்லையும் மீனின் மெல்லிய கவ்வலையும் நூலின் அதிர்விலேயே பகுத்துணரும் விரல்நுட்பமோ சாதகத்தால் மட்டுமே சித்திப்பது. பிடித்த மீனை உயிரோடு நீரிலேயே விட்டுவிடுவோர் பலராதலால், அவர்களுடைய பெட்டியில் கத்தியைக் காட்டிலும் தராசுக்கே மதிப்பு அதிகம்.