கண்ணுக்கு விதித்த எல்லை

இஸ்லாமிய மரபில் காதல் பார்வையைப் பற்றி மிக நுட்பமாக எழுதியவர்களில் பலர் மார்க்கச் சட்ட அறிஞர்கள். இது தற்செயல் அன்று. கண்ணின் வலிமையை அறிந்தவர்களே அதற்கு எல்லை வகுத்தார்கள்.

குர்ஆனில் சூரத்துன் நூரின் 30, 31ஆம் வசனங்கள் பார்வையைத் தாழ்த்தச் சொல்கின்றன. கட்டளை முதலில் ஆண்களுக்கு, பிறகே பெண்களுக்கு. நம் மேடைகள் இந்த வரிசையை அடிக்கடி மறந்துவிடுகின்றன. தற்செயலாக விழும் முதல் பார்வை குற்றமில்லை, அதைத் தொடரும் இரண்டாம் பார்வைக்கு அனுமதியில்லை என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். பிற்கால விவாதங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

ஸ்பெயினின் குர்துபாவில் (கோர்டோபா) பிறந்த இப்னு ஹஸ்ம் (994–1064) ளாஹிரி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) பேரறிஞர். மூலவாக்கின் வெளிப்படைப் பொருளை விட்டு விலகாத கண்டிப்பான வழி அது. அவர்தான் 1022 வாக்கில் ஷாதிபா நகரில் ‘தவ்குல் ஹமாமா’ என்ற காதல் நூலை எழுதினார். கண்ஜாடைக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு: கடைக்கண் அசைந்தால் தடை, இமை தாழ்ந்தால் சம்மதம், பார்வை நீண்டால் வேதனை. ஆனால் ஒரே பார்வையில் காதல் பிறக்கும் என்பதை அவர் ஏற்கவில்லை. அது வெறும் இச்சை என்றார். நீண்ட பழக்கத்தில் ஊறியதே தம் நெஞ்சில் நின்றது என்கிறார். அவர் தீர்ப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. நூலின் கடைசி இரு அத்தியாயங்கள் பாவத்தின் இழிவையும் கற்பின் சிறப்பையும் பேசுகின்றன.

ஹன்பலி மத்ஹபினரில் பக்தாதின் இப்னுல் ஜவ்ஸி ஆசையைக் கண்டித்தே ஒரு நூல் செய்தார். திமிஷ்கின் (டமாஸ்கஸ்) இப்னுல் கய்யிம் (1292–1350) இன்னும் நுட்பமானவர்: அவர் எழுத்தில் கண்ணும் இதயமும் ஒன்றையொன்று குற்றம் சாட்ட, ஈரல் நடுவராகி இரண்டையும் கண்டிக்கிறது!

சூஃபிகளில் ஷீராஸின் ரூஸ்பிஹான் பக்லி போன்றோர் மனித அழகில் இறையழகின் சாயலைக் கண்டார்கள். உயர்ந்த எண்ணம்தான்; ஆனால் அதைச் சாக்காகக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஹுஜ்வீரி போன்ற சூஃபிகளே அவர்களைக் கடிந்தார்கள்.

பார்வை சுன்னத்தாகவே (நபிவழியாகவே) ஆகும் இடமும் உண்டு. முகீரா (ரலி) ஒரு பெண்ணை மணம் பேசியபோது, அவளைப் பார்த்துவிடுங்கள், இருவரிடையே அன்பு நிலைக்க அது உதவும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நான்கு மத்ஹபுகளும் இதை அனுமதிக்கின்றன. எவ்வளவு பார்க்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. மாப்பிள்ளையின் தாயும் சகோதரியும் பார்த்தால் போதும் என்று இன்றும் சொல்லும் குடும்பப் பெரியவர்களே, மார்க்கம் தந்த அந்தப் பார்வையை மணமகனுக்கும் மணமகளுக்கும் மறுக்காதீர்கள்.