கட்டாக்காலியும் தெருநாயும்

சென்னை வளசரவாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், வாசலில் படுத்திருந்த நாயைக் காட்டி, "இது கட்டாக்காலியா?" என்று இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. நாயைக் 'காலிப்பயல்' என்று திட்டுவதாக நினைத்திருக்கிறார். எங்கள் யாழ்ப்பாணத்தில் அது சாதாரணப் பேச்சு. காலி என்றால் மாடு. கட்டாமல் திரியும் மாடு கட்டாக்காலி. மாட்டுக்கு வந்த சொல் நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. யாரோ கட்டியிருக்க வேண்டும், கட்டாமல் விட்டுவிட்டார்கள் என்ற முறைப்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தெருநாய் என்ற சொல்லில் அது கிடையாது. வீட்டுக்கு வீட்டுநாய், தெருவுக்குத் தெருநாய், அவ்வளவுதான்.

இரண்டு நாட்டுச் சட்டங்களும் இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் எழுதப்பட்டனவோ என்று எனக்குச் சந்தேகம். இலங்கையில் 1893இல் வந்த விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம், உரிமையாளர் இல்லாமல் திரியும் நாயைப் பிடிக்கவும் கொல்லவும் இடம் கொடுத்தது. 2006இல்தான் அரசு அந்தக் கொலையை நிறுத்தியது. சென்னை மாநகராட்சியும் பல காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. கருத்தடை செய்து விட்டுவிடலாம் என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964இலிருந்து சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்றது 1996இல். பிறகு 2001இல் வந்த மத்திய அரசின் விதிகள், பிடித்த நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றன. நாய்க்கு ஒரு தெரு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. 2023 விதிகளும் அப்படியே. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாய்ப் பிரியர்கள் இந்தக் கணக்கைப் பேசாமல் நழுவுவது எனக்குப் பிடிப்பதில்லை.

நாய்க்குத் 'தத்து' என்ற சொல் வந்தது அண்மையில்தான். சென்னையில் காப்பகத்துக்குப் போய், குட்டியைத் தேர்ந்து, கருத்தடை செய்வேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வருவது இப்போது ஒரு வழக்கம். கொழும்பில் ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் அமைப்பு, ஊர் நாயை வீட்டில் வளர்ப்பதற்கு ஒரு நாகரிக மதிப்பை உண்டாக்கியது. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று சரணாலயம் நடத்துகிறது. ஆனால் இரு நாட்டிலும் பெரும்பாலான நாய்கள் வீடு சேர்ந்த வழி வேறு. தெற்கில் குட்டிகளை விகாரையில் விட்டுப் போவார்கள், பிக்கு விரட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில். எங்கள் பக்கம் சந்தையில் விடுவார்கள். விடப்படுவது பெரும்பாலும் பெட்டைக் குட்டி. இந்த விஷயத்தில் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் இல்லை.

சுன்னாகத்தில் என் சின்னம்மாவின் ஜிம்மியும் அப்படிச் சந்தையிலிருந்து பின்னால் வந்தவள்தான். "நான் எடுக்கேல்லை, அவள்தான் என்னை எடுத்தவள்" என்பார் சின்னம்மா. பெயர் வைப்பதில்கூட நாட்டுக்கு நாடு கதை உண்டு. தமிழ்நாட்டில் நாலு தெருவுக்கு ஒரு டைகர் இருக்கும். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி இராணுவம் நின்ற காலத்தில், படலையில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட யாருக்குத் துணிவு வரும்?

எங்கள் வளசரவாக்கத் தெருவின் நாய்க்குப் பெயர் ஒன்றல்ல. இஸ்திரிக்காரருக்கு மணி. இரண்டாம் மாடிப் பிள்ளைகளுக்கு பிரவுனி. காவலாளிக்கு வெறும் "டேய்". கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காதில் வெட்டு. ஐந்து வீட்டுச் சோறு தின்றது, ஒரு வீட்டுக்குள்ளும் படுத்ததில்லை. போன மார்கழியில் ஒரு காலை, இஸ்திரி வண்டியின் கீழே அது எழுந்திருக்கவில்லை. "நம்ம மணி தவறிட்டான் சார்" என்றார் அவர். 'செத்துப்போச்சு' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் சிக்கல். அத்தனை பேருக்கும் சொந்தமான நாயைப் புதைக்க ஒருவருக்கும் மண் இல்லை. குடியிருப்பைச் சுற்றி முழுக்க சிமென்ட் தளம். எதிரிலிருந்த காலி மனையின் சொந்தக்காரர் தொலைபேசியில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் யாரோ 1913க்குப் பேசினார்கள். மாநகராட்சி வண்டி வருவதற்குள் மஞ்சள் துணி வந்தது, ஒரு சாமந்தி மாலை வந்தது, பிரவுனிக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டும் வந்தது. வண்டியில் வந்த பெண் தூய்மைப் பணியாளர் மாலையைக் கழற்றாமலே தூக்கி வைத்தார். பள்ளி வேன் வரும்வரை பிள்ளைகள் அந்த இடத்திலேயே நின்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த மண் பிரச்சினை இன்னும் வரவில்லை. வளவு இருக்கிறது, வேலி இருக்கிறது, அலவாங்கு இருக்கிறது. அங்கே இல்லாதது மருத்துவம். சென்னையில் சிறுநீரகம் பழுதான நாயை வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம், 1903இலிருந்து அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இலங்கை முழுமைக்கும் கால்நடை மருத்துவ பீடம் ஒன்றே ஒன்று, பேராதனையில். நோயுற்ற நாயோடு சுன்னாகத்திலிருந்து பேராதனைக்குப் போவது எத்தனை பேரால் முடியும்? நாய் திண்ணைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்து, தன் நேரத்தில் போகும்.

"ஊசி போட்டுவிடலாமா?" என்ற கேள்வியை இரு நாட்டிலும் தணிந்த குரலில்தான் கேட்கிறார்கள். இந்திய விதிகள் தீராத நோயோ மரணக் காயமோ உள்ள நாய்க்கு, தகுதியுள்ள மருத்துவர் கையால், வலியில்லாமல் என்று அதை அனுமதிக்கின்றன. ஆனாலும் சென்னையில் என் நண்பர் ஒருவர் தன் லாப்ரடாருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வருடம் அதைப் பற்றிப் பேசவில்லை. குருநாகலில் இருக்கும் சிங்களத் தோழி ஒருத்தி, மருத்துவர் ஊசிக்கு உடன்படாததால் பதினொரு நாள் நாயோடு தரையில் படுத்திருந்தாள். பஞ்சசீலத்தின் முதல் சீலமே உயிர் கொல்லாமை. நாய் இறந்த ஏழாம் நாள் அதன் பேரில் தானம் கொடுத்தாள். யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால், நண்பர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் தோழியின் முன்னால் அதைச் சொல்ல மாட்டேன்.

நாய்க்கு மரியாதையோடு விடைகொடுப்பது மேல்நாட்டு மோகம் என்று முணுமுணுப்பவர்களைத் திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூருக்கு அனுப்ப வேண்டும். 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாடு காக்கும் சண்டையில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

எங்கள் பக்கம் விடைகொடுக்க முடியாமல் போனதே பெரிய கதை. 1995 அக்டோபர் 30ஆம் தேதி, இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. சைக்கிளில் அரிசி மூட்டை, பாட்டி, பாய். நாய்க்கு இடமில்லை. சின்னம்மாவிடம் அப்போது இருந்தது வீமன், சங்கிலியில் கட்டி வளர்த்த நாய். "கட்டி வச்சால் பட்டினியில செத்துப்போகும். அவிழ்த்து விட்டிட்டு, பானைச் சோத்தைத் திண்ணையில கொட்டிப்போட்டு வந்தனாங்கள்" என்றார். அன்று ஊர் முழுக்க அப்படித்தான் அவிழ்த்தார்களாம். ஒரே இரவில் ஊரிலிருந்த வீட்டுநாய் எல்லாம் கட்டாக்காலி.

அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது வீமன் என்ன ஆனான் என்று கேட்டால், "அது இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகு வந்த எந்த நாயையும் அவர் கட்டியதில்லை. ஜிம்மி ஒழுங்கையெல்லாம் சுற்றுவாள், அயலவர் கத்துவார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எச்சரித்தும் போனார். வருடம் தவறாமல் தடுப்பூசி போட்ட துண்டைக் காட்டி அவரை அனுப்பிவைத்தார் சின்னம்மா. சங்கிலி மட்டும் வாங்கவில்லை.

ஜிம்மி பதினாலு வயதில் கிணற்றடியில் போனாள். பின்வளவில் தாட்டு, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைத்தார்கள். அது காய்த்த முதல் குலையை வியாபாரி விலை பேச வந்தான். சின்னம்மா கொடுக்கவில்லை. அத்தனை இளநீரையும் ஒழுங்கை முகப்பிலிருக்கும் வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். நாயை வாகனமாக வைத்திருக்கிற சாமி. ஐயர் என்ன நேர்த்தி என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, ஐயா" என்றாராம்.