கமாயித்தாச்சி: ஆயிரம் பிரதிகளும் ஒரு கிராமமும்

நிழற்படத்தை யதார்த்தத்தின் நேர்ப்பதிவாகவே மதிக்கும் போக்கொன்று முற்போக்கு விமர்சகரிடையே உண்டு. நாமும் அப்போக்கிற்குப் புறம்பானவரல்லர். எனவே யப்பானிய நிழற்படக் கலைஞர் எய்க்கோ ஹொசோயெ (1933-2024) 1969இல் வெளியிட்ட 'கமாயித்தாச்சி'யைக் கையிலெடுத்தபோது எம்மிடம் முதலில் எழுந்தது ஐயமே. முதற்பதிப்பில் ஆயிரம் பிரதிகளே அச்சிடப்பட்டன. நாம் நோக்கியது 2009இல் வெளிவந்த பொதுப்பதிப்பையேயாம்.

கமாயித்தாச்சி என்பது கண்ணுக்குப் புலப்படாது காற்றோடு வந்து, வயல்வெளியில் நிற்போரின் தோலை அரிவாள் போலக் கீறிச் செல்வதாக யப்பானியக் கிராமத்தவர் நம்பிய விலங்கு. போரின் இறுதிக் காலத்தில் தோக்கியோவிலிருந்து யமகத்தாவுக்குப் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட சிறுவன் ஹொசோயெயின் மனத்தில் அவ்வச்சம் பதிந்திருந்தது. இருபது ஆண்டுகளின் பின், 1965இல், பூட்டோ நடனத்தின் மூலவரான தட்சுமி ஹிஜிகத்தாவுடன் அகித்தா மாகாணத்துத் தஷிரோ கிராமத்துக்கு அவர் சென்றார். ஹிஜிகத்தா அம்மாகாணத்திலேயே பிறந்தவர். நெற்கதிர் உலர்த்தும் உயர்ந்த கழிகளின்மீது காகம்போற் குந்தியிருக்கிறார். குழந்தையொன்றை ஏந்தியவாறு வயலூடே பாய்ந்தோடுகிறார். சிரிக்கும் ஊரவர் நடுவே பித்தனாய் அமர்ந்திருக்கிறார். யாவும் நடிப்பு, ஆயினும் ஊரவரின் சிரிப்பு நடிப்பன்று.

இதற்கு நேரெதிரானதொரு நூல் யப்பானிலேயே உண்டு. கென் டோமொன் 1960இல் வெளியிட்ட 'சிக்குஹோவின் சிறுவர்கள்' நூலையே குறிப்பிடுகின்றோம். எண்ணெயின் வருகையால் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட, வேலையிழந்த தொழிலாளரின் பிள்ளைகளை டோமொன் படம்பிடித்தார். மலிவான தாளில் அச்சிட்டு நூறு யென்னுக்கு விற்பித்தார். பாவனை கலவாத நேர்ப்படமே நிழற்படம் என்பது அவர் கொள்கை. டோமொனும் ஹொசோயெயும் ஒரே யமகத்தா மாகாணத்திற் பிறந்தவர் என்பது சுவையான செய்தி. டோமொனை யதார்த்தவாதி என ஏற்று, ஹொசோயெயை அகவயவாதி எனத் தள்ளிவிடுதல் எமக்கு எளிது. அவ்வாறு எழுதிவிடவே முதலில் எண்ணினோம்.

ஆனால் இப்படங்கள் எடுக்கப்பட்ட ஆண்டுகளை மறந்துவிடலாகாது. போருக்குப் பிந்திய நிலச்சீர்திருத்தம் குத்தகை விவசாயியை நிலவுடைமையாளனாக்கிற்று. எனினும் அச்சிறு நிலம் அவன் குடும்பத்தைத் தாங்கவில்லை. வடகிழக்கின் விவசாயிகள் பனிக்காலந்தோறும் தோக்கியோவின் கட்டுமானத் தளங்களிற் கூலிகளாயினர். 1964இன் ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த நெடுஞ்சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்தம் உழைப்பு உறைந்துள்ளது. 1970இல் அரசு நெற்பயிர்ச் செய்கையையே குறைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. இவ்வளவுக்குமிடையில், நகருக்குப் போய்க் கலைஞனான ஒரு விவசாய மாகாணத்து மனிதன் பேயுருக்கொண்டு வயலுக்குத் திரும்பி ஓடுகிறான். நேர்ப்பதிவு காட்டமுடியாத அந்நியமாதலை இப்பாவனை காட்டிவிடுகிறது என்பதே எமது முடிபு. லூக்காச்சின் அளவுகோலை மட்டும் கொண்டு இதனை அளத்தல் இயலாது.

நூலின் குறையும் இதனோடு பிணைந்ததே. வரலாற்றால் விளைந்த கலக்கம் இங்கு தொன்மத்தின் கலக்கமாகத் தோற்றமளிக்கிறது. ஹிஜிகத்தாவுக்குப் பெயருண்டு; ஊரவருக்கில்லை. அவர்கள் நிலத்தைப் போலவே பின்புலமாகின்றனர்.

பதிப்பின் உருவத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இக்கோ தனாக்காவின் வடிவமைப்பில் ஒவ்வொரு படமும் மடித்த தாளினுள் மறைந்திருக்கிறது. நீலத்தாளை விரித்தே காணவேண்டும். வெளியிட்ட கெந்தாய் ஷிச்சோஷா தீவிர இடதுசாரி நூல்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனம்; சாத்தின் மொழிபெயர்ப்புக்காக அதன் உரிமையாளர் ஆபாச வழக்கில் நின்று, அதே 1969இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். ஆகவே அந்த ஆயிரத்தைச் செல்வந்தரின் சேகரிப்புக்கென வகுத்த எண்ணாகக் கொள்ளுதல் தவறு. 2005இல் அமெரிக்காவில் ஐந்நூறு பிரதிகளாய் வந்த மறுபதிப்பின் கதை வேறு. ஓர் எதிர்மத்தட்டிலிருந்து எத்தனை படியும் எடுக்கலாமாதலால் 'மூலப்படி' எது எனும் வினாவே பொருளற்றது என வோல்டர் பென்யமின் 1936இலேயே சுட்டினார். தொழில்நுட்பம் ஒழித்த அருமையைச் சந்தை இலக்கமிட்டு மீட்டுக்கொள்கிறது. பிரதியின் அருமை விலையாகும்போது படத்திலுள்ள உழைப்பாளி இரண்டாம் முறையும் மறைகிறான்.

2016இல் தஷிரோவில் இப்படங்களுக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. படங்களிற் சிரித்து நின்ற சிறுவர் அப்போது அறுபதை அண்மித்திருப்பர். அவர்தம் பெயர்களைப் படங்களின்கீழ் எழுதும் வேலை அவ்விடத்தே தொடங்கவேண்டும்.