ஒரு நாடு, ஓர் எண்

டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவருக்கும் 2024இல் பொருளாதார நோபல் கிடைத்தபின், நாடுகளை ஒப்பிட அவர்கள் கையாண்ட முறையை இனிக் கேள்வி கேட்க இடமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஏன் சில நாடுகள் வறுமையிலேயே கிடக்கின்றன என்ற கேள்வியைத் தட்பவெப்பத்திலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் மீட்டு, அதிகாரம் யார் கையில் என்பதன் பக்கம் திருப்பியது பெரிய காரியம்தான். இரண்டு கொரியாக்களை அருகருகே வைத்த ஒப்பீடும் வலுவானதே. கோளாறு அவர்கள் விடை தேடிய வழியில் இருக்கிறது.

2001இல் வெளியான அவர்களுடைய புகழ்பெற்ற கட்டுரை 64 முன்னாள் காலனிகளை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பியர் நோயில் மாண்ட இடங்களில் அவர்கள் குடியேறாமல் சுரண்டும் அமைப்புகளை நிறுவினார்கள், பிழைத்த இடங்களில் சொத்துரிமையைக் காக்கும் அமைப்புகளை நிறுவினார்கள், அந்த வேறுபாடே இன்றுவரை நீடிக்கிறது என்பது வாதம். இதற்காக ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இறப்பு விகிதம் தரப்படுகிறது. ஆனால் பொருளாதார அறிஞர் டேவிட் ஆல்பூய் 2012இல் காட்டியபடி, 28 நாடுகளின் எண் மட்டுமே அந்தந்த நாட்டுக்குள்ளிருந்து வந்தது. மீதி 36 நாடுகளுக்கு வேறு நாட்டு எண்களே ஊகத்தின்பேரில் பொருத்தப்பட்டன. குடியேறியவர்களின் இறப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி படைவீரர்களின் இறப்பு. லத்தீன் அமெரிக்காவுக்கோ பிஷப்புகளின் இறப்பு. மாலிக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2,940! செத்த படைவீரர்களுக்குப் பதிலாகத் தொடர்ந்து ஆள் அனுப்பினாலோ, சில மாதங்களின் இறப்பை ஓராண்டுக்குப் பெருக்கிக் கணக்கிட்டாலோ ஒழிய இப்படியொரு எண் வராது. அமைதியாகக் குடியேற நினைத்தவனுக்கு அது எதைச் சொல்லும்?

ஐயத்துக்குரிய எண்களை நீக்கினாலும் முடிவு நிற்கிறது என்று ஆசிரியர்கள் பதிலளித்தார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்த அட்டவணையில் சிங்கப்பூர் ஒரு வரி, இந்தியாவும் ஒரு வரி. ஒரே ஆங்கில ஆட்சி 1793இல் வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் நிலவரியை ஒப்படைத்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் உழவரிடமே வசூலித்தது; இது ரயத்துவாரி முறை. அந்த மாகாணத்துக்குள்ளேயே கோயம்புத்தூரில் ரயத்துவாரி, ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஜமீன். இவற்றையெல்லாம் 'இந்தியா' என்ற ஒரே எண்ணில் கரைத்துவிட்டு, காலனிய அமைப்பின் விளைவை அளந்துவிட்டோம் என்பதை நான் ஏற்க மாட்டேன். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் மாவட்டவாரியாகப் பார்த்தபோது, ஜமீன் வசமிருந்த பகுதிகள் விடுதலைக்குப் பிறகும் வேளாண்மையில் பின்தங்கியிருந்தன. விடை நாட்டுக்குள்ளேதான் கிடந்தது.

நாட்டுக்குள் ஒப்பிட்டால் நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை எப்படி விளக்குவது என்று கேட்பார்கள். நாட்டுக்குள் செய்த ஒப்பீடுகளையே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்பது என் பதில். பெருவில் வெள்ளி, பாதரசச் சுரங்கங்களுக்கு 1573 முதல் 1812 வரை கட்டாய வேலைக்கு ஆள் பிடித்த பகுதிகளின் எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்களைப் பொருளாதார அறிஞர் மெலிசா டெல் ஒப்பிட்டார். ஆள் பிடிக்கப்பட்ட புறத்தில் குடும்பங்களின் நுகர்வு இன்றும் ஏறத்தாழ கால்பங்கு குறைவு. எல்லைக்கு வெளியே நிலைபெற்றிருந்த பெரும்பண்ணையார்களால் அங்கே சாலைகள் வந்தன என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று. இந்தியாவில் நிலக்கிழார் வேளாண்மைக்குத் தடை. பெருவில் அதே நிலக்கிழாரால் நன்மை. இந்த முரணை விளக்க, ராமநாதபுரத்து ஜமீன்தாருக்கும் ஆண்டிஸ் மலைப் பண்ணையாருக்கும் அரசிடமும் குடிகளிடமும் என்னென்ன உரிமைகள் இருந்தன என்று ஆவணங்களில் தேட வேண்டும். இரண்டு நாடுகளை ஒப்பிடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.