நேருவின் உலக வரலாற்றுக் கடிதங்களும் வகுப்பறையும்

முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். படைப் போட்டி, கூட்டணிகள், பேரரசு வேட்கை, தேசிய வெறி, சரயேவோவில் நிகழ்ந்த கொலை என்று ஐந்து விரல்களையும் மடக்கி ஒப்புவித்துவிடுவார். இவற்றுள் எது முதன்மையானது, அதனை எவ்வாறு அறிந்தாய் என்று அடுத்த வினாவை எழுப்பினால் வாய் திறவார். குற்றம் அவருடையது அன்று. காரணங்களை எண்ணுவதற்குக் கற்பித்தோம். எடை போடுவதற்குக் கற்பிக்கவில்லை.

மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயமாயிற்று. சிங்கப்பூரிலோ சான்றுகளை ஒப்பிட்டு விடையளிக்கும் முறை தேர்வில் இடம்பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே, மனப்பாடம் ஒன்றே போதும் என்று எந்த ஆசிரியரும் இன்று சொல்வதற்கில்லை. போதாது என்றால் வேறு எதனைப் படிக்கச் சொல்வது? இவ்வினாவுக்கு விடையாகப் பலர் சுட்டும் நூல் நேருவின் உலக வரலாற்றுக் கடிதத் தொகுதி. ஓ. வி. அளகேசனின் தமிழாக்கத்தில் 'உலக சரித்திரம்' என்னும் பெயரால் அது நம்மவர்க்கும் கிடைத்தது. அந்நூல் தற்கால உலக வரலாறு பயிலும் வகுப்புக்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே வழுக்கிவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறையில் எழுந்த நூல்

1930 அக்டோபரில், மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளை ஒட்டி நைனிச் சிறையிலிருந்து எழுதத் தொடங்கிய நேரு, 1933 ஆகஸ்டில் டேராடூன் சிறையில் இத்தொடரை முடித்தார். மொத்தம் 196 கடிதங்கள். நூலகம் அருகில் இல்லை. கையிலிருந்த சில புத்தகங்களும், தாம் எடுத்து வைத்திருந்த குறிப்புகளும், நினைவாற்றலுமே துணை. எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாற்று நூலுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை. 1934-இல் நூல் வெளிவந்தது. 1939-இல் திருத்திய பதிப்பு, ஹொராபின் வரைந்த நிலப்படங்களுடனும் 1938 நவம்பர் வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் பின்னுரையுடனும் வந்தது.

நூலின் சிறப்பு முதலில் அதன் நோக்கில் இருக்கிறது. ஐரோப்பாவை நடுவில் நிறுத்தி, மற்ற நாடுகளை ஓரத்தில் தொங்கவிடுவதே அக்காலத்து வழக்கம். நேருவோ சீனத்தையும் பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கதையின் உள்ளே கொண்டுவந்தார். அங்கோரும் ஸ்ரீவிஜயமும் மஜபாகித்தும் மலாக்காவும் அவருடைய கடிதங்களில் உரிய இடம் பெற்றன. நம் வட்டாரத்து மாணவருக்கு இது சிறிய செய்தி அன்று. உலக வரலாறு தன் வீட்டு வாசலையும் தொட்டுச் செல்கிறது என்பதை அறிந்த பிள்ளை, பாடத்தை அயலானின் கதையாகக் கேட்பதில்லை.

இரண்டாவது சிறப்பு, அளவு. கடிதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 1914-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளைப் பற்றியவை. தம் காலத்து நிகழ்ச்சிகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கப் பல வரலாற்றாசிரியர்கள் அஞ்சுவர். பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி அவர் பல கடிதங்கள் எழுதினார். டாலரும் பவுனும் ரூபாயும் ஒன்றையொன்று எவ்வாறு இழுத்தன என்பதைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு விளங்கும்படி சொல்ல முயன்றார். அக்கடிதங்களைப் படிக்கும் மாணவருக்கு ஆசிரியர் பக்கத்திலேயே மலாயாவின் இரப்பரையும் எடுத்து வைக்க வேண்டும். நியூயார்க் பங்குச் சந்தை 1929 அக்டோபரில் சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரப்பரின் விலை வீழ்ந்தது. தோட்டங்களில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். விலையைத் தூக்கி நிறுத்த, 1934-இல் உற்பத்தி நாடுகள் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. காரணமும் விளைவும் இவ்வாறு கண்ணெதிரே கோக்கப்படும்போது வரலாறு தானே நினைவில் நிற்கும்.

ஒரே எழுதுகோல், இரு தீர்ப்புகள்

இனி, குறைகளைக் காண்போம். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் இந்நூலில் பெறும் இடம் மிகச் சிறிது. 1884-85-இல் பெர்லினில் கூடி ஐரோப்பிய வல்லரசுகள் வகுத்துக்கொண்ட விதிகளின்படி ஒரு கண்டமே கூறுபோடப்பட்டது. அதனை விரிவாக அறிய விரும்பும் மாணவர் வேறு நூலை நாடவேண்டும். எனினும் விடுபட்டதைச் சேர்ப்பது எளிது. பார்வையில் விழுந்த திரையை நீக்குவதே அரிது. அதற்கு 1933-ஆம் ஆண்டின் கடிதங்களே சான்று.

அவ்வாண்டு சனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் தலைமை அமைச்சரானார். சில மாதங்களுக்குள் நேரு சிறையிலிருந்தபடியே அதனைப் பற்றி எழுதினார். யூதர் மீது நடந்த கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். நாஜிக் கட்சியின் வெற்றி உலகுக்குக் கேடு என்று உணர்ந்தார். இலண்டனிலும் பிற தலைநகரங்களிலும் உரிமையுடன் உலவிய அரசியலறிஞர் பலர் காணத் தயங்கியதைச் சிறைச்சுவருக்குள் இருந்தவர் கண்டார். இது பெருமைக்குரியது.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் அவர் சோவியத் நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றியும் எழுதினார். உணவுத் தட்டுப்பாட்டையும் உழவரின் எதிர்ப்பையும் அவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஆயினும், அவை புதுவாழ்வு பிறப்பதற்குரிய பிரசவ வேதனைகளாகவே அவருக்குத் தோன்றின. உண்மையிலோ 1932-33-இல் உக்ரைனிலும் கசாக்குகளின் நாட்டிலும் பிற பகுதிகளிலும் பல இலட்சம் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். அப்பெருஞ்சாவின் அளவு கடிதத்தில் இல்லை.

செய்தி கிட்டவில்லை என்பது ஒரு விளக்கம். அது மட்டும் போதாது. ஜெர்மனியைப் பற்றியும் அவருக்குச் செய்தித்தாள்கள் வழியாகத்தான் செய்தி வந்தது. வேறுபாடு எங்கே எனின், உள்ளத்தில். 1927-இல் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு மாஸ்கோ சென்று வந்த நேரு, அங்கே ஏழை நாடுகளுக்கு ஒரு வழி பிறந்திருப்பதாக நம்பினார். வெறுத்ததை அவர் கூர்மையாகக் கண்டார். நம்பியதை மங்கலாகக் கண்டார். இக்குறை நேரு ஒருவருக்கே உரியது அன்று. நம் எல்லோருக்கும் உரியது. அதனால்தான் இவ்விடம் வகுப்பறைக்குப் பெரும்பயன் தருவது.

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. 1933 மார்ச்சு இறுதியில் வேல்ஸ் நாட்டுச் செய்தியாளர் கரெத் ஜோன்ஸ், உக்ரைனில் நடந்து சென்று கண்ட பஞ்சத்தை உலகுக்கு அறிவித்தார். அதே வாரத்தில், மாஸ்கோவிலிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் வால்டர் டுராண்டி, மக்கள் பஞ்சத்தால் மடிகின்றனர் என்பதை மறுத்து எழுதினார். டுராண்டி அதற்கு முந்திய ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர். ஜோன்ஸ் முப்பது வயது நிரம்பாத இளைஞர். இருவர் கூற்றையும் நேருவின் கடிதத்தையும் மாணவர்முன் வைத்து, யாரை நம்புவது, ஏன் என்று கேட்கவேண்டும். புகழைக் கொண்டு உண்மையை அளக்கலாகாது என்பது அன்று வகுப்பில் தானே விளங்கும். யார் சொன்னார் என்பதை விட்டு மெய்ப்பொருளைத் தேடச் சொன்ன வள்ளுவரின் மரபினர்க்கு இது புதிய பாடமும் அன்று.

தந்தையின் குரல்

தவறுள்ள நூலை இளையோர் கையில் தரலாமா என்று கேட்போர் உண்டு. தவறில்லாத வரலாற்று நூல் எது என்று நாம் திருப்பிக் கேட்கலாம். முதல் உலகப் போரையே எடுத்துக்கொள்வோம். ஏகாதிபத்தியப் போட்டியே அதன் வேர் என்பது நேருவின் கருத்து. ஜெர்மானியத் தலைவர்களின் பேராசையை முன்னிறுத்தி 1961-இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் எழுதிய நூல், அவருடைய நாட்டிலேயே பெரும் பூசலைக் கிளப்பியது. 2012-இல் கிறிஸ்டபர் கிளார்க், எல்லா வல்லரசுகளும் தூக்கத்தில் நடப்பார்போல் போருக்குள் நடந்து சென்றதாக எழுதினார். பாடநூலோ மூன்று கருத்துகளையும் பிழிந்து ஐந்து காரணங்களாக்கி, எவர் கருத்து என்று சொல்லாமல் தந்துவிடுகிறது. பாடநூலும் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறது. நிற்கும் இடத்தைக் காட்டுவதில்லை. நேரு தாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறார். தாம் வரலாற்றாசிரியர் அல்லர் என்றும், இவை வெறும் தோற்றங்களே என்றும் மகளுக்கு அவரே கூறுகிறார்.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பாடநூலின் வறண்ட குரலை மாணவர் விரும்புவதில்லை. ஆகவே அதனால் மயங்குவதும் இல்லை. தந்தையின் குரல் அத்தகையது அன்று. அது கனிவானது, சிறையிலிருந்து வருவது, தியாகத்தின் ஒளி அதைச் சூழ்ந்திருக்கிறது. அக்குரலை மறுத்துப் பேசப் பதினைந்து வயது உள்ளம் எளிதில் துணியாது. நூலின் அழகே நூலின் ஆபத்தாகும் இடம் இது. நூலைப் போற்றியவர்கள் அதன் நடையைப் புகழ்ந்தனர். அந்நடை இளம் வாசகரின் ஐயத்தை உறங்கவைக்கும் என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை.

தொகுதியில் 196 கடிதங்கள் உள்ளன. மகளின் மறுமொழி ஒன்றுகூட இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலையைத் தமிழாசிரியர் தம் மாணவருக்குத் தரலாம். நம் பிள்ளைகள் வரலாற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். அதனால் ஏகாதிபத்தியம், பெருமந்தம், உடன்படிக்கை என்னும் சொற்கள் தமிழில் அவர்கள் நாவுக்கு வருவதில்லை. சொல் இல்லாதபோது அப்பொருளைப் பற்றி வீட்டில் பெற்றோருடன் பேசவும் இயலாமற் போகிறது. ஆகவே, தமிழ் வகுப்பில் ஒரு கடிதத்தைப் படிக்கச் செய்து, அதற்கு மறுமொழி எழுதச் சொல்வோம். "அப்பா, இதை எவ்வாறு அறிந்தீர்கள்? இதற்கு மாறாகச் சொன்னவர் எவர்?" என்று தொடங்கட்டும். அன்பு குறையாமல், ஐயமும் விடாமல் எழுதட்டும்.

அத்தகைய மறுமொழி ஒன்றை எழுதிய மாணவர், ஐந்து காரணங்களையும் ஒப்புவித்தவரைவிட அதிகம் கற்றவர். நேருவின் நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.